இறங்குதுறையில் ஒரு வானிலை நிலையம்: காசல்ரீயில் ஓராண்டு அனுபவம்

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில், காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நோர்வூட் பக்கக் கரையில் என் மச்சான் நான்கு அறைகள் கொண்ட விருந்தினர் விடுதி ஒன்றை நடத்தி வருகிறார். பிளாஸ்டிக் பீப்பாய்களின் மேல் பலகை அடித்துச் செய்த மிதக்கும் இறங்குதுறை ஒன்றும் விடுதிக்கு உண்டு. சென்ற ஆண்டு சித்திரையில் அதன் நுனியில் ஒரு வானிலை நிலையத்தையும், சிம் அட்டையில் இயங்கும் கமரா ஒன்றையும் பொருத்திக் கொடுத்தேன். குழாய்க் கம்பம், சோலர் தகடு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாய் ஆயிற்று. கமராவுக்கு இறங்குதுறை மிகப் பொருத்தமான இடம். வானிலை நிலையத்துக்கு அது மிக மோசமான இடம். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு தென்மேல் பருவமழைக் காலம் முழுவதும் தேவைப்பட்டது.

ஒரே தொழிற்சாலையில் உருவாகிப் பல பெயர்களில் விற்பனைக்கு வரும் வகையைச் சேர்ந்தது என்பதால், நிலையத்தின் பெயரைவிட அதன் வகையைச் சொல்வதே வாங்க நினைப்பவர்களுக்கு உதவும். வெப்பநிலை, ஈரப்பதன், ஒளி, புற ஊதாக் கதிர், காற்றின் வேகம், திசை, மழை ஆகிய ஏழையும் ஒரே உடலில் அளக்கிறது. சுழலும் கிண்ணங்கள் இல்லை; காற்றை மீயொலி கொண்டு அளக்கிறது. மழையை அளப்பதற்கு, நிரம்பிச் சாயும் சிறு வாளிக்குப் பதிலாக, உச்சியில் உள்ள மூடியில் துளிகள் மோதும் அதிர்வைக் கணக்கிடுகிறது. அசையும் பாகம் எதுவும் இல்லாததால் இலை, பூச்சி அடைத்துக்கொள்ளும் தொல்லை இல்லை என்பதே விற்பவர்கள் முதலில் சொல்லும் பெருமை. காற்றைப் பொறுத்தவரை நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். ஓராண்டில் ஒரு முறையேனும் துடைக்கவோ எண்ணெய் விடவோ நேரவில்லை. நீர்க்காகம் உச்சியில் வந்து குந்தும் வேளைகளில் மட்டும் திசை தாறுமாறாக ஓடும்.

மழைதான் ஏமாற்றியது. நம் பக்கத்து மழையில் பெரும்பகுதி கொட்டும் மழை அன்று. ஆனி, ஆடியில் மூன்று நான்கு நாட்கள் விடாமல் பெய்யும் தூறலும், மூடுபனியோடு கலந்து இறங்கும் சாரலுமே மலையை ஊற வைக்கின்றன. அத்துளிகளுக்கு மூடியை அதிரச் செய்யும் கனம் இல்லை. பக்கத்துத் தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் ஒவ்வொரு நாள் காலையும் மழைமானியைப் பார்த்து எழுதும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. அங்கே 60 மில்லிமீற்றரைத் தாண்டிய ஒரு நாளில் எங்கள் திரை 38 என்று காட்டியது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மண்சரிவு குறித்து விழிப்பாக இருக்க வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கும் மாவட்டத்தில், இத்தனை குறைத்துச் சொல்லும் கருவியை நம்பி யாரும் லயத்திலோ வீட்டிலோ நிம்மதியாகப் படுக்க முடியாது.

ஒப்பிடத் தொடங்கிய புதிதில் நானும் ஒரு பிழை செய்தேன். தோட்டத்துக் கணக்கு, வளிமண்டலவியல் திணைக்களத்தின் வழக்கப்படி காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை, கருவியின் கணக்கோ நள்ளிரவுக்கு நள்ளிரவு. இரவு மழை அதிகமான ஊரில் இவ்விரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு நாள் அது கூடும், மறுநாள் இது கூடும். மணித்தியாலப் பதிவுகளை எடுத்து 8.30க்குக் கூட்டிய பிறகே உண்மையான குறை தெரிந்தது. செயலியில் மழை அளவை ஓர் எண்ணால் பெருக்கித் திருத்தும் வசதி உண்டு. ஆனால் பதிவே ஆகாத தூறலை எந்த எண்ணால் பெருக்கினாலும் பூச்சியம்தான்.

இதற்கு நேர்மாறான குற்றமும் உண்டு: வெயில் அடிக்கும் நடுப்பகலில், படகு வந்து இறங்குதுறையில் இடிக்கும்போதெல்லாம் 0.1, 0.2 என்று பெய்யாத மழை ஏறும். வாளி வகையை அங்கே வைத்திருந்தாலும் ஆட்டத்தில் அது தானாகச் சாய்ந்திருக்கும் என்பதால், இதைக் கருவியின் தலையில் மட்டும் கட்ட முடியாது. இரவு வெப்பநிலையும் கரையில் இருப்பதைவிடக் கூடுதலாகவே வரும்; தண்ணீர் அத்தனை விரைவில் குளிர்வதில்லை. புரட்டாதியில் நிலையத்தைக் கரைமேட்டுக்கு மாற்றினேன். மரங்களின் உயரத்தைப் போல் இரு மடங்கு தூரம் தள்ளி நட்டு, சாயும் வாளி கொண்ட மழைமானி ஒன்றையும் தனியாக வாங்கி இணைத்தேன். அதன் பிறகு தோட்டத்துக் கணக்கோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது.

காற்றமுக்கத்தை அளக்கும் அமுக்கமானி கம்பத்தில் இல்லை, வீட்டுக்குள் இருக்கும் பெட்டியில் இருக்கிறது. 890 ஹெக்டோபஸ்கல் அளவில் எண்ணைக் கண்டு புயல் வருகிறதென்று மச்சான் முதல் நாளே போன் எடுத்தார். மேலே போகப் போக அமுக்கம் குறைவதால், 1,100 மீற்றர் அளவு உயரத்தில் அது இயல்பான எண்தான். கடல்மட்டத்துக்குத் திருத்திய பிறகு, காலை பத்து மணியளவில் ஏறி மாலை நான்கு மணியளவில் இறங்கும் அமுக்க அலையை நாள்தோறும் வரைபடத்தில் காணலாம்.

இனி கமரா. பத்து நிமிடத்துக்கு ஒரு படம் அனுப்புகிறது. இறங்குதுறைக்கு எதிரேயுள்ள பாறையில் அரை மீற்றருக்கு ஒரு வெள்ளைக் கோடு தீட்டி வைத்ததால், நீர்மட்டம் எவ்வளவு இறங்கியது என்பதைப் படத்திலேயே எண்ணிவிடலாம். காசல்ரீ நீர் விமலசுரேந்திர மின்நிலையத்துக்குப் போவதால் மழை இல்லாமல் மட்டுமன்றி, மின் உற்பத்தியாலும் மட்டம் இறங்கும். கயிற்றை எப்போது தளர்த்துவது, துறையை எப்போது முன்னே தள்ளுவது என்பதை மச்சான் இப்போது ஹட்டனில் இருந்தபடியே சொல்லிவிடுகிறார். மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வெசாக் வரையான யாத்திரைப் பருவத்தில், சிவனொளிபாதமலை தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்கும் விருந்தினர்களுக்கு அவர் அந்தப் படத்தையே அனுப்புகிறார். வேறு எந்த விளம்பரமும் இத்தனை அழைப்புகளைக் கொண்டுவந்ததில்லை.

குறைகளும் இருக்கின்றன. ஆனி மாத மேகத்தில் சோலர் தகடு போதாமல் இரண்டு முறை பற்றரி இறங்கியது; பெட்டியில் வருவதைவிட இரு மடங்கு பெரிய தகடு போட்டதும் சரியாயிற்று. இரவில் அகச்சிவப்பு விளக்கைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும், விடியும்போது வில்லை முழுக்க வலையும் பனித்துளியுமாக இருக்கும். கமராவை எந்தப் பக்கம் திருப்புவது என்பதையும் யோசிக்க வேண்டும்: தோட்டத்தின் கீழ்ப்பிரிவுப் பெண்கள் குளிக்கும் துறை இடப்பக்கம் இருப்பதால், எங்கள் கமராவின் அந்தப் பக்கத்தைத் தகரத்தால் மறைத்து, அவர்களையும் அழைத்துப் படத்தைக் காட்டிய பின்னரே இயக்கினோம்.

விற்ற கடையின் சேவையைப் பற்றி எழுத அதிகம் இல்லை. நான்கு முறை அழைத்தேன், ஒரு முறை எடுத்தார்கள், கொழும்புக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். இப்போது இறங்குதுறையில் கமராவும், நீருக்குள் தொங்கவிட்ட வெப்பமானி ஒன்றும் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. வலை துடைப்பதற்கென்று ஒரு நீளத் துடைப்பம் துறையின் பலகையோடு கட்டிக் கிடக்கிறது.