பழைய டாஃப் லாரி: மரச்சட்டக் கேபினா, தகட்டுக் கேபினா?

நெதர்லாந்தின் ஐந்தோவன் நகருக்கு வேலைக்கு வந்தவனுக்குப் பழைய லாரிப் பைத்தியம் பிடித்ததில் என் தப்பு பாதிதான். டாஃப் லாரி நிறுவனத்தைத் தொடங்கிய ஹுப் வான் டோர்னே 1928-இல் பட்டறை போட்ட ஊர் இது. டாஃப் அருங்காட்சியகமும் இங்கேதான் இருக்கிறது.

என் முன்னால் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று, 1950-களின் தொடக்கத்து டாஃப். அப்போது சேஸி என்னும் அடிச்சட்டத்தையும் முகப்பையும் மட்டும் வாங்கி, கேபினை வெளிப் பட்டறையில் கட்டிக்கொள்வது வழக்கம். மரத்தில் சட்டம், மேலே தகடு. இன்னொன்று, 1962-இல் அறிமுகமான 2600 வகை. கேபின் முழுக்க அச்சில் அழுத்திய எஃகுத் தகடு. நான் முதலாவதை எடுத்தேன், நண்பர் 2600-ஐ எடுத்தார்.

சொகுசு, சத்தம், வேகம் எல்லாவற்றிலும் 2600-தான் மேல். விற்கப் போனாலும் அதற்குத்தான் ஆள் சீக்கிரம் வரும் என்று நினைக்கிறேன். 40 வயதைத் தாண்டியதால், தொழிலுக்கு ஓட்டாதவரை இங்கே இரண்டுக்கும் சாலை வரி இல்லை. சரி, பராமரிப்புக்கு வருவோம். நான் முடிவெடுத்ததே அதை வைத்துத்தான்.

பார்க்கப் போன அன்று ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து நுனியைப் பிடித்துத் தூக்கினேன். இரண்டு விரற்கடை மேலே வந்தது. கீல் தேய்ந்திருக்கும் என்றார் விற்றவர். தகட்டின் அடியோரத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்தேன். டீயில் ஊறிய ரஸ்க்கில் இறங்குவதுபோல இறங்கியது. கீலைத் தாங்கும் தூணே உளுத்திருந்தது. கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக மழைநீர் கதவுக்குள் போகும், அடியில் இருக்கும் ஓட்டை வழியாக வெளியேறும். அந்த ஓட்டை அடைத்துக்கொண்டால் தண்ணீர் மரத்தின் காலடியிலேயே தேங்கிவிடும்.

பயந்துதான் வாங்கினேன். ஆனால் பிரித்தபோது வயிறு கொஞ்சம் குளிர்ந்தது. சட்டம் ஆஷ் மரம்: வளையும், திருகாணியை விடாமல் பிடிக்கும். கெட்ட துண்டை மட்டும் கழற்றி, அதையே அச்சாக வைத்து, மாடிப்படி செய்யும் தச்சர் ஒருவர் புதிதாக இழைத்துக் கொடுத்தார். கதவுத் தகடு ஒரே பக்கமாக வளைவது, சாதாரண ரோலரிலேயே வளைத்துவிடலாம். கண்ணாடிகள் தட்டை, எந்தக் கண்ணாடிக் கடையிலும் வெட்டித் தருவார்கள். வலப்பக்கத்தில் மட்டும் யாரோ முன்பு ஓக் துண்டு வைத்து ஆணி அடித்திருந்தார்கள். ஓக்கின் அமிலம் இரும்பைத் தின்னும். ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் மைக்கறுப்பில் ஒரு வட்டம்!

நண்பரின் 2600-இல் படிக்கு மேலே உள்ள மூலை துருப்பிடித்துவிட்டது. குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பின் வேலை. அந்த மூலை இரண்டு பக்கமும் வளைவது, அழுத்திய அச்சு இப்போது கைக்குக் கிடைக்காது. ஒன்று, வேறொரு பழைய கேபினைத் தேடிப்பிடித்து வெட்டி ஒட்ட வேண்டும்; இல்லாவிட்டால் கைதேர்ந்த டிங்கர் ஒருவர் மணிக்கணக்கில் தட்ட வேண்டும். நண்பர் எட்டு மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என்னிடம் வந்தபின் என் வண்டி கண்டது இரண்டே குளிர்காலம், அதுவும் கூரைக்கு அடியில். அவருடையது வெட்டவெளியில் நிற்கிறது. என் வண்டியையும் அப்படி நிறுத்தியிருந்தால் இந்தத் தைரியம் எனக்கு இருந்திருக்குமா, சந்தேகம்தான்.

இப்போது இலையுதிர் காலம் தொடங்கியதும் ஒரு பழைய சைக்கிள் கம்பியை எடுத்துக்கொண்டு, இரண்டு கதவு ஓட்டைகளையும் குத்திவிட்டு வருகிறேன்.