லேபிள் இல்லாத நைட் க்ரீம் வாங்காதீர்கள்: நான்கு மாதத்தில் என் முகத்துக்கு நடந்தது

எனக்கு 43 வயது. மதுரையில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். நாற்பது தாண்டியும் எனக்குப் பரு விடவில்லை. மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்னால் தாடையோரம் உள்ளுக்குள்ளேயே கட்டி மாதிரி கிளம்பும். தொட்டால் வலிக்கும், பழுக்காது, போகும்போது கருப்பாக ஒரு தடத்தை வைத்துவிட்டுப் போகும். இதற்கிடையில் கண்ணோரத்தில் கோடுகளும் விழ ஆரம்பித்துவிட்டன. சுருக்கத்துக்கு என்று விற்கிற கெட்டியான க்ரீமைப் போட்டால் பரு கூடுகிறது. பருவுக்கான ஜெல்லைப் போட்டால் முகம் காய்ந்து கோடுகள் இன்னும் எடுத்துத் தெரிகின்றன. இந்த இரண்டு தொல்லையும் சேர்ந்து இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். "ரெண்டுக்கும் ஒரே க்ரீம்" என்று யாராவது சொன்னால் கை தானாகப் பர்ஸுக்குப் போகிற நிலைமை அது. நானும் அப்படித்தான் மாட்டினேன்.

த்ரெட்டிங் பண்ண வழக்கமாகப் போகிற பார்லர்தான். பத்து வருடப் பழக்கம். அந்த அக்கா என் தாடையைப் பார்த்துவிட்டு, "ஃபேஷியல் எல்லாம் வேண்டாம் டீச்சர். ராத்திரி படுக்கும்போது இதை மட்டும் போடுங்க. ஒரே வாரத்துல நீங்களே வந்து சொல்வீங்க" என்று ஒரு டப்பியை எடுத்து வைத்தார். வெள்ளை பிளாஸ்டிக் டப்பி, நீல மூடி. பெயர் இல்லை, தேதி இல்லை, என்ன சேர்த்திருக்கிறது என்ற விவரமும் இல்லை. அடியில் மார்க்கரால் 'N' என்று ஒரு இங்கிலீஷ் எழுத்து மட்டும். திறந்தால் இளமஞ்சள் நிறம், ரோஸ் வாசனை. அந்த வாசனைக்கு அடியில் ஆயின்ட்மென்ட் நெடி லேசாக அடித்தது. என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "எல்லாம் ஹெர்பல்தான் டீச்சர். பாதாம் எண்ணெய், குங்குமப்பூ." 1,200 ரூபாய். பில் கிடையாது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அது வேலை செய்தது. ஐந்தாம் நாள் தாடையிலிருந்த கட்டி அமுங்கிவிட்டது. பத்தாம் நாள் முகம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. ஸ்டாஃப் ரூமில் ஆளாளுக்கு என்ன போடுகிறாய் என்று கேட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் திண்டுக்கல்லில் இருக்கும் என் அண்ணிக்கும் ஒரு டப்பி வாங்கிக் கொடுத்தேன். இந்தப் பதிவில் எழுதவே எனக்குக் கஷ்டமாக இருப்பது இதுதான்.

மூன்றாம் மாதம் தொல்லை ஆரம்பித்தது. காலைப் பிரேயரில் வெயிலில் நின்றால் கன்னம் திகுதிகுவென்று எரிந்தது. தோசைக்கல் முன்னால் ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை. மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பு நூல் மாதிரி நரம்புகள் தெரிந்தன. கன்னத்தில் பூனைமுடி அடர்ந்தது. நெற்றியில் எனக்குப் பரு வந்ததே இல்லை. அங்கே பொடிப்பொடியாக, எல்லாம் ஒரே அளவில், சிவப்புப் பருக்கள் வந்தன. வெயில் காலம், அதனால்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் குடும்பத்தோடு திருச்செந்தூர் போனோம். டப்பியை எடுத்துவைக்க மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் லாட்ஜ் கண்ணாடியில் பார்த்தால் முகம் செக்கச்செவேல் என்று வீங்கியிருந்தது. என் மகள் கன்னத்தில் கை வைத்தாள். "அம்மா, காய்ச்சல் மாதிரி சுடுது. ஆனா நெத்தியும் கன்னமும் மட்டும்தான் சுடுது, கழுத்து சாதாரணமா இருக்கு" என்றாள். பார்லர் அக்காவுக்குப் போன் செய்தேன். "உள்ளே இருக்கிற நச்செல்லாம் வெளியேறுது டீச்சர். நடுவுல விட்டதுதான் தப்பு. விடாம போடுங்க" என்றார். ஊருக்குத் திரும்பிய அன்று ராத்திரியே போட்டேன். விடிவதற்குள் சிவப்பு வடிந்துவிட்டது. க்ரீம் நல்லது என்பதற்கு அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டு இன்னும் ஒரு மாதம் போட்டேன்.

கடைசியில் மகள்தான் பிடிவாதமாக ஸ்கின் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் லென்ஸ் வைத்துக் கன்னத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "க்ரீமை நிறுத்தினா என்ன ஆகுது?" திருச்செந்தூர் கதையைச் சொன்னேன். அதற்குமேல் அவருக்கு எதுவும் தேவைப்படவில்லை. அது ஸ்டீராய்டு க்ரீம்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஸ்டீராய்டு களிம்பு ரத்தக்குழாயைச் சுருக்கும், வீக்கத்தை அடக்கும். அதனால்தான் முதல் வாரத்திலேயே பரு அமுங்கி முகம் வெளுத்துத் தெரிகிறது. தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்துபோகிறது. சுருக்கத்துக்கு என்று காசு கொடுத்து வாங்கிய பொருள், சுருக்கம் விழாமல் தாங்கிப் பிடிக்கிற கொலாஜனையே குறைத்துக்கொண்டிருந்தது. நிறுத்தினால் அடக்கிவைத்த வீக்கம் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். மறுபடி போட்டால் அடங்கும். இப்படியே அந்த டப்பியை விட முடியாமல் போய்விடுகிறது. இந்த நிலைமைக்கு 'டாபிகல் ஸ்டீராய்டு டேமேஜ்ட் ஃபேஸ்' என்று நம் நாட்டுத் தோல் மருத்துவர்களே 2008-இல் பெயர் வைத்தார்கள். அந்த அளவுக்கு இங்கே இது பரவிக் கிடக்கிறது. 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. ஆனாலும் எத்தனை மெடிக்கல் ஷாப்பில் பெயரைச் சொன்னாலே எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும்.

டாக்டர் யூரின் டெஸ்ட்டும் எழுதினார். முகத்துக்கும் யூரினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். இந்த மாதிரி டப்பிகளில் பாதரசமும் இருக்கலாம் என்றார். பாதரசம் தோலில் நிறம் உண்டாவதைத் தடுக்கும், ஆனால் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளாவில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரே வகையான சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் 15 பேருக்கு அபூர்வமான ஒரு உட்பிரிவு. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் போட்டவர்கள். கால் வீக்கம், நுரை நுரையாகச் சிறுநீர் போவது, யூரினில் புரோட்டீன், இதெல்லாம்தான் அடையாளம். க்ரீம் போடுகிற யாருக்காவது இது இருந்தால் உடனே டாக்டரிடம் டப்பியையும் கையோடு எடுத்துப் போங்கள். எனக்கு ரிசல்ட் நார்மல். அது வரும்வரைக்கும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பார்லருக்கும் போனேன். சண்டை போடப் போகவில்லை, என்ன கலந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும் என்றுதான் போனேன். "உங்க ஸ்கின் சென்சிடிவ் டீச்சர். வேற யாருக்கும் இப்படி வரலையே" என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது திரை விலகியிருந்தது. உள்ளே மேஜையில் ஒரு பெரிய கோல்டு க்ரீம் டப்பா, அதில் குத்தி நிறுத்திய ஐஸ்க்ரீம் குச்சி, பக்கத்தில் வால் வரை சுருட்டிப் பிழிந்த அலுமினிய ட்யூப்கள் ஏழெட்டு. ட்யூபில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சடித்திருந்தது எனக்கு வாசலிலிருந்தே தெரிந்தது. நூற்றுச் சொச்சம் ரூபாய் ட்யூபைக் கோல்டு க்ரீமில் குழைத்து, குங்குமப்பூ என்று சொல்லி 1,200 ரூபாய்க்கு விற்றிருக்கிறார். பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பில் இருக்கிறதா என்று என்னையே கேட்டார்.

நிறுத்தியபிறகு முதல் மூன்று வாரம் நரகம். ஸ்டீராய்டு இல்லாத ஒரு களிம்பும் மாத்திரையும் கொடுத்தார் டாக்டர். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். எரிச்சல் அடங்க மூன்று மாதம், சிவப்பு குறைய ஆறு மாதம் ஆனது. மூக்கோரத்து நரம்புகள் இன்னும் போகவில்லை. யாரும் தானாக நிறுத்தவும் வேண்டாம். டாக்டரைப் பார்த்துவிட்டு அவர் சொல்கிற மாதிரி நிறுத்துங்கள். அந்த மூன்று வாரத்தைத் தனியாகத் தாண்டுவது கஷ்டம், பாதியில் மறுபடி டப்பியைத் தேடத்தான் தோன்றும்.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. பரு, சுருக்கம் இரண்டுக்கும் சேர்த்து வேலை செய்கிற மருந்து நிஜமாகவே இருக்கிறது. ரெட்டினாய்டு என்கிற வகை. டிரெட்டினாயின் 1971-இல் அமெரிக்காவில் பரு மருந்தாகத்தான் அனுமதி பெற்றது. அதைப் போட்ட நடுத்தர வயதுப் பெண்களுக்கு முகச்சுருக்கமும் குறைவதை ஆல்பர்ட் கிளிக்மன் என்ற தோல் மருத்துவர் கவனித்து, 1986-இல் ஆய்வாக வெளியிட்டார். என்னை மாதிரி ஒருத்திக்கு வேண்டியது அதுதான். ஆனால் அது ஒரு வாரத்தில் எதையும் காட்டாது. பருவுக்கே 12 வாரம் ஆகும், கோடுகளுக்கு அதற்கும் மேல். முதல் மாதம் தோல் உரியும், பரு கொஞ்சம் கூடுவது போலவும் தெரியும். இந்தப் பொறுமையை யாரும் விற்க மாட்டார்கள், ஐந்து நாள் அதிசயத்தைத்தான் விற்பார்கள்.

முகம் ஆறியபிறகு டாக்டர் எனக்குச் சொன்ன ராத்திரி வழக்கம் மிகச் சாதாரணமானது. நுரை அதிகம் வராத ஃபேஸ்வாஷில் ஒரு தடவை கழுவ வேண்டும், பயத்தம்மாவு தேய்க்கக் கூடாது. துடைத்து, முகம் நன்றாக உலர்ந்தபிறகு வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர். வாரத்துக்கு இரண்டு ராத்திரி மட்டும் அதன்மேல் அடாபலீன் 0.1 சதவீத ஜெல், முகம் முழுக்கச் சேர்த்து ஒரு பட்டாணி அளவு. கண்ணோரம், மூக்கோரம், உதட்டோரம் விட்டுவிட வேண்டும். ரெட்டினாய்டிலேயே இது கொஞ்சம் சாது என்பதால் அடிபட்ட தோலுக்கு இதிலிருந்து ஆரம்பித்தார். தாங்குகிறது என்று தெரிந்தபிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். ராத்திரி முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவுகிற பழக்கத்தையும் விடச் சொன்னார். பரு வருகிற தோலில் அது துவாரத்தை அடைக்கும். காலையில் சன்ஸ்க்ரீன் கட்டாயம். கர்ப்பமாக இருப்பவர்கள், குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் ரெட்டினாய்டு பக்கமே போகக் கூடாது. அவர்களுக்கு அசிலாயிக் ஆசிட் மாதிரி வேறு வழி உண்டு, டாக்டரிடம் கேளுங்கள்.

வாங்கும்போது பெட்டியில் தயாரித்தவர் பெயர், முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, சேர்மானப் பட்டியல் இத்தனையும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் வேண்டாம். பட்டியலில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃபுளூசினோலோன் என்று எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. பில் கேட்டு வாங்குங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு நானும் பேசினேன், வழி சொன்னார்கள், ஆனால் பில் இல்லாத இடத்தில் என் பக்கம் பலவீனமாகிவிட்டது.

டாக்டர் விஷயத்தைச் சொன்ன அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அண்ணியைப் பார்க்கத் திண்டுக்கல் போனேன். அவர் டப்பியைக் கொடுக்கவே தயாராக இல்லை. "எனக்கு நல்லாத்தானே இருக்கு. நீதானே வாங்கிக் கொடுத்த?" என்றார். "ஆமா அண்ணி, நான்தான் கொடுத்தேன். அதான் வாங்கிட்டுப் போக வந்திருக்கேன்" என்று சொல்லி என் துப்பட்டாவை விலக்கிக் காட்டினேன். அவர் அதற்குமேல் பேசவில்லை. மறுநாளே அண்ணன் அவரை டாக்டரிடம் கூட்டிப்போனார்.

இரண்டு டப்பியையும் ஒரு கவரில் போட்டு, நடந்ததை எழுதி, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்தில் மருந்து ஆய்வாளரிடம் கொடுத்திருக்கிறேன். பார்லர் இன்னும் திறந்துதான் இருக்கிறது. அடுத்த மாதம் எங்கள் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஃபேர்வெல். போன வருடம் வகுப்பில் பாதிப் பேர் அந்த பார்லருக்குத்தான் போனார்கள். இந்த வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் அவர்களை உட்காரவைத்து என் முகத்தைக் காட்டிப் பேசப்போகிறேன்.