ஈபோல் (epoll) நல்லதா, ஐஓ யூரிங் (io_uring) நல்லதா?

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிகளின் விலையை ஆயிரக்கணக்கான கைபேசிகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் சர்வரை எழுத முனைவோர், லினக்ஸ் இயங்குதளம் தரும் இரு வழிகளை எடைபோட வேண்டும். 2002இல் வந்த ஈபோல், எந்த இணைப்பு தயாராக உள்ளது என்பதை மட்டுமே அறிவிக்கும். தரவைப் படிக்க நிரல் மீண்டும் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையக்கருவை, அழைத்தாக வேண்டும். 2019இல் கெர்னலின் 5.1 பதிப்பில் சேர்ந்த ஐஓ யூரிங்கோ, கோரிக்கைகளையும் முடிவுகளையும் நிரலும் கெர்னலும் பகிர்ந்துகொள்ளும் இரு வட்ட வரிசைகளில் வைப்பதால், பல வேலைகளை ஒரே அழைப்பில் ஒப்படைத்துவிட்டு, அவை முடிந்தபின் விடையை எடுத்துக்கொள்ள இடமளிக்கிறது. ஆனால் வேலை முடியும்வரை, தரவு தங்கும் நினைவகப் பகுதியான பஃபரை விடுவிக்காமல் காக்கும் பொறுப்பு நிரலரையே சேரும். நிரல்களைத் தனித்தனிப் பெட்டகங்களில் இயக்கும் டாக்கரின் இயல்பான பாதுகாப்பு அமைப்பு ஐஓ யூரிங்கை அனுமதிப்பதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. பெரும்பாலான இணைப்புகள் காத்தே கிடக்கும் இவ்வகைப் பணிக்கு ஈபோலையே உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். புதுத் தரவு வரும்போதே அறிவிக்கும் அதன் எட்ஜ் ட்ரிக்கர் முறையில் மட்டும், தரவு தீரும்வரை படித்தாக வேண்டும்.