ஆடாசிட்டியோடு மூன்று வருடம்: இரைச்சல் போனது, எரிச்சல் போகவில்லை

"வீடியோ எடிட்டிங் ஆப்லயே நாய்ஸ் குறைக்கிற பட்டன் இருக்கே, நீ ஏன்டா ஆடியோவை மட்டும் வெளிய எடுத்துட்டுப் போய்க் கழுவிட்டு வர்ற?" போன வாரம் நண்பன் கேட்டான். "இதுல வர்ற சுத்தம் அதுல வராதுடா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சொன்னது பாதிதான். மீதி இங்கே.

என் பாட வீடியோக்களின் ஆடியோ எல்லாமே மூன்று வருடமாக ஆடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டிங் மென்பொருள் வழியாகத்தான் போகிறது. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பேசுகிறவன் நான். முறை எளிதுதான்: பேச்சில்லாத இரண்டு மூன்று விநாடியை செலக்ட் செய்து நாய்ஸ் ப்ரொஃபைல் (இதுதான் இரைச்சல் என்று மென்பொருளுக்குக் காட்டும் மாதிரி) எடுப்பது, பிறகு மொத்த ஆடியோவுக்கும் நாய்ஸ் ரிடக்ஷன், அதாவது இரைச்சல் குறைப்பு, போடுவது. அதற்காகவே கேமராவை ஓடவிட்டு ஐந்து விநாடி அசையாமல் உட்காரும் பழக்கம் வந்துவிட்டது. (பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கிறதாம், வீட்டில் சொல்கிறார்கள்.)

முதல் வருடம் முழுக்கப் பேராசை. இரைச்சலை 12 டெசிபல் (ஒலி அளவின் அலகு) குறைத்தாலே இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று 24 வரை போனேன். ஃபேன் செத்தது, கூடவே என் குரலும் குடத்துக்குள் போனது. பின்னணியில் எங்கோ கொலுசு அசைவது போல ஒரு கிணுகிணுப்பு வேறு. மென்பொருள் ஒலியை நூற்றுக்கணக்கான அலைவரிசைப் பட்டைகளாகப் பிரித்து, ப்ரொஃபைல் அளவைத் தாண்டாத பட்டையை எல்லாம் அமுக்குகிறது. இரைச்சல் ஒரே சீராக இருப்பதில்லையே, அங்கொன்றும் இங்கொன்றும் அளவைத் தாண்டித் தலையை நீட்டும். சுற்றிலும் அமைதியாகிவிட்டதால் அந்தத் துணுக்குகள்தான் கிணுகிணுக்கின்றன. ஒலிக்காரர்கள் இதை 'மியூசிக்கல் நாய்ஸ்' என்பார்கள். சங்கீதம் ஒன்றும் அதில் கிடையாது.

என்னைக் காப்பாற்றியது நாய்ஸ் ரிடக்ஷன் பெட்டியின் அடியில் இருக்கும் 'ரெசிட்யூ' என்ற சின்னத் தேர்வு. அதைத் தொட்டு ப்ரிவியூ கொடுத்தால், தூக்கி எறியப் போவதை மட்டும் கேட்கலாம். முதல்முறை கேட்டபோது தூக்கிவாரிப் போட்டது. ஃபேன் சத்தத்துக்கு நடுவே என் ஆவி பேசிக்கொண்டிருந்தது! 'சரி', 'வச்சு', 'பசை' என்று சகரம் வந்த இடமெல்லாம் காற்று காற்றாகக் குப்பையில் கிடந்தது. எவ்வளவு ஒலியை இரைச்சலாக எடுத்துக்கொள்வது என்று சொல்லும் சென்சிட்டிவிட்டியை 6-லிருந்து 4-க்கு இறக்கினேன். ஆவி போய் வெறும் ஃபேன் மிஞ்சியது. காதைத் தீட்டிக்கொண்டு 'நன்றாக இருக்கிறதா' என்று தடவிப் பார்ப்பதைவிட, எதை இழக்கிறோம் என்று கேட்பது எவ்வளவோ சுலபம். நான் தொட்ட எந்த எடிட்டிங் ஆப்பிலும் இது இல்லை. ஒரே ஆபத்து, திரும்ப 'ரெட்யூஸ்'க்கு மாற்றாமல் ஓகே கொடுத்துவிடுவது. ஒருமுறை அப்படிச் செய்து, எட்டு நிமிடம் ஃபேன் மட்டும் பாடம் நடத்தியது.

ஹாரன், நாய்க் குரைப்பு, அறையின் எதிரொலி, இவற்றுக்கெல்லாம் இது ஆகாது. சீராக ஓடும் சத்தத்துக்கு மட்டும்தான்.

எரிச்சல், ஆடியோவை வெளியே எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவரும் இந்தப் போக்குவரத்தில். முதலில் கழுவிவிட்டு வெட்டுவதா, வெட்டிவிட்டுக் கழுவுவதா? முதலில் கழுவினால், பிறகு வெட்டி எறியப் போகும் நாற்பது நிமிடத்துக்கும் சேர்த்துக் கழுவ வேண்டும். வெட்டிய பிறகு கழுவினால், "அந்த ஒரு வரியை எடுத்துடலாமே" என்று யாராவது சொன்னதும் ஆடியோ ஒரு பக்கம், வீடியோ ஒரு பக்கம். 2022-ல் 3.2 பதிப்போடு ரியல்டைம் எஃபெக்ட் (மூல ஆடியோவை மாற்றாமல், ஓடும்போதே போட்டுக் கேட்கும் வசதி) வந்தபோது ஆசையாகத் திறந்தேன். நாய்ஸ் ரிடக்ஷன் அந்தப் பட்டியலில் இல்லை. ப்ரொஃபைல் எடுத்துப் பிறகு போடும் இரண்டு படி வேலை, அதைக் குறை சொல்லியும் பயனில்லை.

கழுவிய ஆடியோவைப் பல மாதம் எம்பி3 ஆக எக்ஸ்போர்ட் செய்துகொண்டிருந்தது என் புத்திசாலித்தனம். எம்பி3 ஆக்கும்போது தொடக்கத்தில் ஆயிரத்துச் சொச்சம் சாம்பிள் (ஒலியின் மிகச் சிறு துண்டு) வெறுமை சேரும், விநாடிக்கு 44,100 சாம்பிள் என்ற 44,100 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 25 மில்லிசெகண்ட். தனியாகக் கேட்டால் யாருக்கும் தெரியாது. நானோ வீடியோவில் ஏற்கெனவே இருந்த கழுவாத பழைய ஆடியோ டிராக்கை மியூட் செய்யாமல் அடியில் மெலிதாக விட்டிருந்தேன். ஒரே குரல் 25 மில்லிசெகண்ட் தள்ளித் தள்ளி இரண்டு தடவை. கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆனது. மைக்கைத் திட்டினேன், அறையைத் திட்டினேன். இப்போது 48,000 ஹெர்ட்ஸ் வேவ் (சுருக்காத ஆடியோ ஃபைல்) மட்டும்தான், பழைய டிராக்குக்கு முதல் வேலையாக மியூட்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு நண்பனுக்கு என்ன சொன்னேன் தெரியுமா? நேற்று இரவு திரும்பக் கூப்பிட்டு, "வேண்டாம்டா, ஆப்ல இருக்கிற பட்டனையே பாதி வரைக்கும் தள்ளி விட்டுட்டு வேலையப் பாரு" என்றேன். மூன்றாவது முறை ஒரே வீடியோவுக்குக் கழுவி முடித்த கோபம் அது. காலையில் ஃபேனை அணைத்துவிட்டுப் பேசிப் பார்த்தேன். நெற்றியில் வழிவது வீடியோவில் தெளிவாகத் தெரிகிறது. ஆடாசிட்டியைத் திறக்கவே இல்லை.