முர்க் பள்ளத்தாக்கில் மவுண்டன் பைக்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் குடியேறிய நாள் முதல், ஷ்வார்ட்ஸ்வால்ட் எனப்படும் கருங்காட்டின் வடபகுதியில் உள்ள முர்க் ஆற்றுப் பள்ளத்தாக்கில்தான் பெரும்பாலும் மிதிவண்டி ஓட்டி வருகிறேன். வண்டி 29 அங்குலச் சக்கரமும் முன்பக்கம் மட்டும் 120 மில்லிமீட்டர் சஸ்பென்ஷனும் கொண்ட, அலுமினியச் சட்டத்தாலான சாதாரண ஹார்டுடெயில். புதிதாக வாங்க விரும்புவோர் பலரும், பின்பக்க சஸ்பென்ஷனும் உள்ள வண்டி இந்த மலைக்குத் தேவையா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை தேவையில்லை என்பதே என் பதில். அந்தப் பணத்தை பிரேக்கிலும் டயரிலும் போடுவது நல்லது என்று நான் சொல்வதற்கு இந்த நிலத்தின் அமைப்பும் இந்த மாநிலத்தின் சட்டமும் காரணம்.

ஷ்லிஃப்கோப்ஃப் மலைப் பகுதியில் தோன்றும் இரண்டு ஓடைகள் பாயர்ஸ்பிரான் ஊரை அடுத்துள்ள ஓபர்டாலில் ஒன்றுகூடி முர்க் ஆறாகின்றன. ஆறு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வடக்கு நோக்கி ஓடி, ராஸ்டட் நகரைக் கடந்து ரைன் நதியில் கலக்கிறது. மேல்பகுதியில் சிவந்த மணற்பாறையும், நடுப்பகுதியான ஃபோர்பாக்கைச் சுற்றிக் கருங்கல்லும் உள்ளன. ஷோன்முன்ட்சாக்கிலிருந்து ஃபோர்பாக் வரை பள்ளத்தாக்கு மிகக் குறுகி, ஆறு, நெடுஞ்சாலை, இருப்புப்பாதை மூன்றும் நெருக்கியடித்துக்கொண்டு செல்கின்றன. ஆற்றுப்படுகையில் ஆளுயரப் பாறைகள் கிடந்தாலும் கோடையில் நீர் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவாகவே ஓடும். கிர்ஷ்பாம்வாசன் என்ற இடத்தில் தேக்கப்படும் நீர், ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் நீளமான சுரங்கத்தின் வழியாக ஃபோர்பாக் மின்நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்படுவதே அதற்குக் காரணம்.

நான் அடிக்கடி செல்லும் வழி ஃபோர்பாக்கில் தொடங்குகிறது. ஊர் நடுவே ஆற்றைத் தாண்டும் கூரை வேய்ந்த மரப்பாலம், 1778-இல் கட்டிமுடிக்கப்பட்ட பழைய பாலத்தின் வடிவிலேயே 1950-களில் மீண்டும் கட்டப்பட்டது. கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரத்தில் உள்ள அவ்வூரிலிருந்து, 1922 முதல் 1926 வரை கட்டப்பட்ட ஷ்வார்ட்சென்பாக் அணைக்கு ஏற வேண்டும். அணை ஏறத்தாழ 670 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஹெரன்வீஸ் சிற்றூரைக் கடந்து, 1,000 மீட்டரைச் சற்றே தாண்டும் பாடனர் ஹோஹே முகட்டை அடையலாம். உச்சியில் ஒரு கல் கோபுரம் உள்ளது; வானம் தெளிவாக இருக்கும் நாளில் அதன் மேலிருந்து ரைன் சமவெளிக்கு அப்பால் பிரான்ஸ் நாட்டின் வோஜ் மலைகளையும் பார்க்கலாம். ஏற்றம் நீண்டதே தவிர, எங்கும் மூச்சை அடைக்கும் அளவுக்குச் செங்குத்தானதல்ல. முன்பக்கம் 32 பற்களும் பின்பக்கம் 51 பற்கள் வரையிலும் உள்ள பற்சக்கரங்கள் இருந்தால், அன்றாடம் மிதிவண்டி ஓட்டாதவரும் இடையிடையே நின்று இளைப்பாறி ஏறிவிட முடியும்.

பாதைகள் இவ்வளவு சீராக இருப்பதற்கு மரத்தொழிலே காரணம். இந்தக் காட்டின் கணிசமான பகுதி முர்க்ஷிஃபர்ஷாஃப்ட் என்ற மரவணிகக் கூட்டமைப்பின் உடைமை. அதன் ஒழுங்குமுறைகள் 1488-ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டன. வெட்டிய மரங்களைத் தெப்பமாகக் கட்டி முர்க் வழியாக ரைன் நதிக்கும் அங்கிருந்து ஹாலந்துக்கும் அனுப்பியவர்கள் அவர்கள். இன்று மரம் லாரியில் போகிறது. அந்த லாரிகளுக்காக வெட்டப்பட்ட அகலமான சரளைச் சாலைகளில்தான் நாம் மிதிக்கிறோம். ஆகவே மரவெட்டு நடக்கும்போது குறுக்கே கட்டப்படும் தடைப்பதாகையை மதித்துத் திரும்பிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்யவில்லை என்று எண்ணி அதைத் தாண்டிச் செல்வோரைக் காண்கிறேன். சரிவில் அடுக்கப்பட்ட மரக்கட்டைகள் உருள்வதற்கு வேலைநாள் வேண்டியதில்லை.

அடுத்தது சட்டம். பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தின் வனச்சட்டப்படி, இரண்டு மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள காட்டுப்பாதையில் மிதிவண்டி ஓட்டக் கூடாது. வனத்துறை தனியாக அனுமதித்து அடையாளமிட்ட தடங்கள் மட்டுமே விதிவிலக்கு. பத்தாண்டுகளுக்கும் முன்பு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு இந்த விதியை நீக்கக் கோரினார்கள், விதி நீக்கப்படவில்லை. 1817-இல் மன்ஹைமில் இரு சக்கர ஓட்ட எந்திரத்தை ஓட்டிக்காட்டி மிதிவண்டிக்கு வழிவகுத்த கார்ல் டிரைஸ், இதே பாடன் நாட்டின் வனத்துறை அலுவலர் என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. விதி எனக்கு முழு உடன்பாடானது அன்று. ஆளே நடமாடாத ஒற்றையடிப் பாதைக்கும், ஞாயிறு மாலையில் முதியவர்கள் கைத்தடியோடு நடக்கும் பாதைக்கும் ஒரே அளவுகோலை வைப்பது சோம்பலான ஏற்பாடு என்றே கருதுகிறேன். ஆனாலும் விதி இருக்கும்வரை, சட்டப்படி ஓட்டக்கூடிய தூரத்தில் மிகப்பெரும் பங்கு சரளைச் சாலையாகவே இருக்கும். அதில் பின்பக்க சஸ்பென்ஷன் வெறும் சுமை. கருங்காட்டுத் தேசியப் பூங்கா 2014-இல் சுமார் 10,000 ஹெக்டேர் பரப்போடு தொடங்கப்பட்டது. அதற்குள் குறியிடப்பட்ட மிதிவண்டித் தடங்களை விட்டு விலகவே கூடாது.

இனி வண்டியின் தேய்மானம். கருங்காட்டின் உயரமான பகுதிகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழையில் கரையும் மணற்பாறை, மணலாகச் சாலையில் பரவி, சக்கரம் வாரி இறைக்கும் சேற்றோடு பிரேக்கிலும் சங்கிலியிலும் புகுந்துவிடும். பாடனர் ஹோஹேயிலிருந்து ஃபோர்பாக் வரை இறக்கம் 700 மீட்டர். சாலை அகலமாக இருப்பதால் வேகம் தானாகவே கூடுகிறது. ஒவ்வொரு வளைவுக்கும் முன் அந்த வேகம் முழுவதையும் பிரேக்தான் விழுங்கியாக வேண்டும். வண்டியோடு வந்த, ரெசின் எனப்படும் பிசினால் ஆன பிரேக் பட்டைகள் வறண்ட கோடையில் சத்தமின்றி நன்றாகவே பிடித்தன. ஈரமான இலையுதிர்காலத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரியும் வேகத்தில் கரைந்தன. இப்போது செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை உலோகத் துகள் கலந்த பட்டைகளையே பயன்படுத்துகிறேன். நனைந்தால் அவை காடே திரும்பிப் பார்க்கும்படி கீச்சிடும். ஆனால் பல மடங்கு நீடிக்கும். முன்சக்கரத்துக்கு 203 மில்லிமீட்டர் பிரேக் வட்டும் நான்கு பிஸ்டன் பிரேக்கும் மாற்றியது, இந்த வண்டிக்காக நான் செய்த செலவுகளிலேயே மிகவும் பயனுள்ளது.

சங்கிலிக்கு எண்ணெய் இடுவதை விட்டு மெழுகுக்கு மாறினேன். எண்ணெயில் மணல் ஒட்டிக்கொண்டு உப்புத்தாள்போல் பற்களைத் தேய்க்கிறது. மெழுகில் அவ்வளவாக ஒட்டுவதில்லை. ஒவ்வொரு மழைப் பயணத்துக்குப் பின்னும் துடைத்து மீண்டும் மெழுகிட வேண்டியிருப்பது இதன் குறை. தேய்மான அளவுகோல் சங்கிலி 0.5 சதவீதம் நீண்டிருப்பதாகக் காட்டியதும் சங்கிலியை மாற்றிவிட்டால், விலை மிகுந்த பின்பற்சக்கரம் பிழைத்துக்கொள்ளும். ட்யூப்லெஸ் டயரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 2.35 அங்குல அகலத்தில், என் எடைக்கு முன்னால் 1.7 பார், பின்னால் 1.9 பார் காற்றழுத்தம் பொருந்துகிறது. உள்ளே ஊற்றும் அடைப்புத் திரவம் சில மாதங்களில் உலர்ந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

இந்தப் பள்ளத்தாக்கின் பெருவசதி ரயில். ராஸ்டட்டிலிருந்து ஃப்ராய்டன்ஷ்டாட் வரை 58 கிலோமீட்டர் நீளமுள்ள முர்க்டால் பாதை, 1928-இல் முழுமையடைந்து, 2003 அளவில் மின்மயமாகி, இன்று கார்ல்ஸ்ரூஹேயின் நகர ரயில்களால் இயக்கப்படுகிறது. வார நாள்களில் காலை ஒன்பது மணிக்குப் பின்னும் வாரயிறுதிகளிலும் மிதிவண்டிக்குத் தனிக் கட்டணம் இல்லை. கடைசியில் உள்ள கிளோஸ்டர்ரைகென்பாக் – ஃப்ராய்டன்ஷ்டாட் பகுதி இருபதுக்கு ஒன்று வரையிலான சரிவில் ஏறுகிறது. முற்காலத்தில் அங்கே பற்சக்கர ரயில் ஓடியது. களைத்துப்போன நாளில் 730 மீட்டர் உயரமுள்ள ஃப்ராய்டன்ஷ்டாட் வரை ரயிலில் சென்று, அங்கிருந்து ஆற்றோரம் இறங்கி வருவது எளிய பயணம். குழந்தைகளோடு வருவோருக்கு நான் பரிந்துரைப்பதும் அதுவே. நல்ல வெயிலடிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பெட்டி முழுவதும் வண்டிகளாக இருக்கும். சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ ஏறினால் மிதிவண்டிக்காரர்தான் இறங்கி அடுத்த ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும், அது நியாயமும்கூட.

தனியாகச் செல்வோர் கவனிக்க வேண்டியவை இரண்டு. பக்கவாட்டுப் பள்ளத்தாக்குகளில் கைப்பேசி சமிக்ஞை அடிக்கடி அற்றுப்போகும். காட்டுச் சாலைச் சந்திப்புகளில் மீட்புப் புள்ளிக்கான, அதாவது உதவி ஊர்தி வந்து சேர வேண்டிய இடத்துக்கான, எண் பொறித்த பலகைகள் உள்ளன. அவற்றைக் கடக்கும்போதே படமெடுத்து வைத்துக்கொண்டால், சமிக்ஞை கிடைக்கும் இடத்தில் அவசர உதவி எண்ணான 112-ஐ அழைத்து அந்த எண்ணைச் சொன்னாலே போதும், ஊர்தி எங்கு வர வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். இரண்டாவது, உண்ணி. இந்த மாநிலம் ஏறக்குறைய முழுவதுமே உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சல் அபாயப் பகுதியாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. அதற்கு மூன்று தவணைத் தடுப்பூசி இருக்கிறது. உண்ணி பரப்பும் மற்றொரு நோயான லைம் நோய்க்கு அத்தகைய பாதுகாப்பு இல்லாததால், வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களைப் பார்த்தே ஆக வேண்டும். புல்லில் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கத்தை விட்டுவிட்டேன். மரக்கட்டைக் குவியலும் பாதுகாப்பல்ல, எனவே இருக்கைப் பலகைகளையே தேடுகிறேன்.

அண்மை ஆண்டுகளில் இந்த ஏற்றங்களில் என்னைக் கடந்து செல்வோரில் பெரும்பாலோர் மின்மோட்டார் வண்டிக்காரர்கள். எழுபது வயதைத் தாண்டியவர்கள் அணைவரை வந்து காப்பி குடித்துவிட்டுத் திரும்புவதைப் பார்த்தால், அந்த மோட்டாரைக் குறை சொல்ல வாய் வருவதில்லை. நானும் சில முறை வாடகைக்கு எடுத்து ஓட்டியிருக்கிறேன். ஏற்றத்தில் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் இருபது கிலோவுக்கும் மேல் எடையுள்ள வண்டியை, சரிவில் விழுந்து கிடக்கும் மரங்களுக்கு மேலாகத் தூக்கி மறுபுறம் வைப்பதும் நெரிசலான ரயிலில் ஏற்றுவதும் எனக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆகவே பழைய ஹார்டுடெயிலோடுதான் தொடர்கிறேன். அதன் முன் சஸ்பென்ஷனில் எண்ணெய்க் கசிவு தொடங்கியுள்ளதால், குளிர்காலப் பனி ஷ்லிஃப்கோப்ஃப் பக்கம் உருகி முடிவதற்குள் சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கிவிட வேண்டும்.