காலி நாற்காலியில் இருப்பது யார்? ஒரு நிழற்படப் பிரதி

வெலாஸ்கெஸ் 1656இல் தீட்டிய ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்தின் பின்சுவரில் ஒரு கண்ணாடி. அதில் ஸ்பெயின் அரசரும் அரசியும் மங்கலாகத் தெரிவார்கள். நாம் நின்று பார்க்கும் இடம் அவர்களுடையது. சிங்கப்பூர்ப் பல்லூடகக் கலைஞர் ஒருவரின் இந்த நிழற்படம் அந்த அறையைச் சீனத் தெருக்கூத்தான வாயாங்கின் ஒப்பனை அறையாக்கிவிட்டது. இளவரசி முதல் வாசற்படியில் நிற்பவர் வரை எல்லா வேடமும் கலைஞரே. ஓவியரின் கையில் தூரிகைக்குப் பதில் குஞ்சம் கட்டிய சவுக்கு. வாயாங்கில் அதை ஏந்தி வந்தாலே குதிரையில் வருவதாகப் பொருள். கண்ணாடியிலோ அரசர் இல்லை, காலியான சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள். சீன நாள்காட்டியின் ஏழாம் மாதத்தில் ஆவிகளுக்கென்று விட்டுவைக்கும் முன்வரிசை! நாம் நிற்கும் இடம் எதுவென்று உறைத்ததும் சிரிப்பு வருகிறது, முதுகும் சில்லிடுகிறது.

ஓவியத்துக்குள் புகுந்து எல்லாராகவும் நிற்பது புதிதல்ல. ஜப்பானியக் கலைஞர் யசுமாசா மொரிமுரா 1988இலேயே பிரெஞ்சு ஓவியர் மானேயின் ‘ஒலிம்பியா’வில் இரு பெண்களாகவும் தோன்றினார். இங்கே புதுமை அந்தக் கண்ணாடிதான்.

அச்சு 69 x 60 செ.மீ., சதுர மீட்டருக்கு 308 கிராம் எடையுள்ள, பளபளப்பில்லாத (மேட்) பருத்தித் தாளில் நிறமி மை. முகப்பூச்சின் சிவப்பும் வெள்ளையும் அருமை. ஆனால் மூல ஓவியத்தைப் போலவே மேல்பாதி முழுக்க இருட்டு. மேட் தாளில் கறுப்பு ஆழம் குறையும். கூரை ஒரே சாம்பலாகப் படிந்து கிடக்கிறது. பேரியம் சல்பேட் பூசிய பரைட்டா தாள் இதைக் காப்பாற்றியிருக்கும்.

படச்சட்டமிடாமல் வாங்குங்கள். விலையில் 9% பொருள் சேவை வரி அடங்குமா என்று கேளுங்கள். பதிப்பு எண்ணும் கையெழுத்தும் கீழ் ஓரத்தில் பென்சிலில் உள்ளன. ஓரத்தை வெட்ட வேண்டாம் என்று படச்சட்டக் கடையில் எழுதியே கொடுங்கள். நான்கு பக்கமும் ஒட்டினால் தாள் அலையலையாகும்: இரவில் ஏர்கான், பகலில் புழுக்கம் என்று மாறும்போது பருத்தித் தாள் விரிந்து சுருங்கும். மேல்விளிம்பில் மட்டும் ஜப்பானியத் தாள் கீல் (படத்தைத் தொங்கவிடும் தாள்துண்டு) இரண்டு, கோதுமை மாவுப் பசையால் ஒட்டினால் போதும். மற்ற மூன்று பக்கமும் விடுதலையாக இருக்கட்டும். புற ஊதா தடுக்கும் அக்ரிலிக் தகடு படத்தைத் தொடாதபடி அமிலமற்ற மவுண்ட் அட்டை வையுங்கள். தொட்டால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். நம் ஊரில் விடியற்காலை ஈரப்பதம் 90%ஐத் தாண்டுவது வழக்கம். 70%க்கு மேல் நீடித்தாலே பூஞ்சைக்குப் போதும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குளியலறையை ஒட்டிய சுவரும், மழையடிக்கும் வெளிச்சுவரும் வேண்டாம். சட்டத்தின் பின்மூலைகளில் ரப்பர் குமிழ் ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றோடும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். சோபாவுக்கு மேலே தூக்கி மாட்டினால் அந்த நாற்காலிகள் கண்ணில் படவே படாது.