பேரனுக்கு வாங்கிய பேட்டரி ஜீப்: கோட்டையூர்ச் செம்மண்ணில் ஆறு மாதம்

மகள் வயிற்றுப் பேரனுக்கு நாலு வயது முடிந்த சித்திரையில் அந்த ஜீப்பை ஆன்லைனில் வாங்கினோம். சிவப்பு நிறம், 12 வோல்ட் பேட்டரி, திறந்து மூடுகிற கதவு, முன்னால் எரிகிற விளக்கு. விலை பதினோராயிரத்துச் சொச்சம். பின்பக்கம் ‘ஃபோர் பை ஃபோர்’, அதாவது நாலு சக்கரமும் இழுக்கும் என்று, கொட்டை எழுத்தில் ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கரைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டுப் பின்கட்டைத் தாண்டினால் செம்மண் பொட்டல், அதைத் தாண்டினால் ஊரணிக்குப் போகிற சரளைப் பாதை. பேரன் அங்கேதான் ஓட்ட வேண்டும் என்று நின்றான். பொட்டலில் பத்தடி போனது. அப்புறம் வலது பின்சக்கரம் மட்டும் விர்ரென்று சுற்றி மண்ணைப் பறித்துக் குழி தோண்டியது. மற்ற மூன்றும் வேடிக்கை பார்த்தன. பையன் காலை பெடலிலிருந்து எடுக்கவில்லை. சக்கரம் பாதி புதைகிற வரை அழுத்திக்கொண்டே இருந்தான்.

எங்கள் வீட்டு இன்வர்ட்டரைப் பார்க்கிற தம்பி வந்து ஜீப்பைக் கவிழ்த்துப் போட்டார். “ஆச்சி, இதுல ஒரே ஒரு மோட்டார்தான் இருக்கு. இந்தச் சக்கரம் மட்டும்தான் வண்டியைத் தள்ளும். மத்ததெல்லாம் கூட உருளும், அவ்வளவுதான்.” சக்கரத்துக்கு உள்பக்கமாகக் கறுப்பு டப்பா ஒன்று, அதிலிருந்து இரண்டு ஒயர். அதுதான் மோட்டாரும் கியரும். இந்த மாதிரி வண்டிகளில் எத்தனை கறுப்பு டப்பா இருக்கிறதோ அத்தனை சக்கரம்தான் இழுக்கும். கடையில் வாங்கினால் கூச்சப்படாமல் கவிழ்த்துப் பாருங்கள். இரண்டு பின்சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார் இருந்தால் மண்ணில் ஓரளவு சமாளிக்கும். ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம்.

விற்றவர்களைக் கேட்டதற்கு, ‘சமதளத்தில் மட்டும் பயன்படுத்தவும்’ என்று குறிப்புப் புத்தகத்தில் போட்டிருக்கிறதே என்று பதில் வந்தது. போட்டுத்தான் இருந்தது, கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில். வாங்குவதற்கு முன்னால் அந்தப் புத்தகத்தை நம் கண்ணில் யார் காட்டினார்கள்?

சக்கரமும் வெறும் வழுவழு பிளாஸ்டிக். பழைய சைக்கிள் டயரை நீளவாக்கில் வெட்டிச் சுற்றி ஸ்குரூ அடித்துக் கொடுத்தார் தம்பி. பிடிப்பு வந்தது. ஆனால் பிடிப்பு வந்ததும் மோட்டாருக்குப் பளு கூடிவிட்டது. சரளை ஏற்றத்தில் பாதியில் நின்றுவிடும். சூடு ஏறினால் ஃபியூஸ் தானாக மின்சாரத்தை நிறுத்துகிறது. ஐந்து நிமிடம் ஆறவிட்டால் மறுபடி கிளம்பும். ரிப்பேர் இல்லை, மோட்டார் எரியாமல் காப்பாற்றுகிற ஏற்பாடுதான். இதை அந்தப் பையனுக்கு விளக்கிச் சொல்ல முடியுமா?

வீட்டுக்குள் ஓடுவதில் குறையே இல்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். அதுவே பயமும்கூட. எங்கள் வளவில் முற்றம் ஒரு படி பள்ளம். சுற்றிவர ஓட்டிக்கொண்டிருந்தவன் திடீரென்று முற்றத்தைப் பார்த்துத் திருப்பிவிட்டான். ரிமோட் என் கையில் இருந்ததால் விளிம்புக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினேன். ரிமோட்டில் நிறுத்துகிற பொத்தானை அமுக்கினால், பிள்ளை கால் பெடலில் இருந்தாலும் வண்டி நிற்கிறது. பதினோராயிரத்தில் பாதி அந்த ஒரு பொத்தானுக்கே கொடுத்ததாக நினைத்துக்கொள்கிறேன். ரிமோட் இல்லாத வண்டியை இந்த வயதுக்கு வாங்காதீர்கள். வண்டி உலுக்கென்று கிளம்பாமல் மெதுவாக வேகம் எடுக்கிற வசதியும் இருக்கிறதா என்று கேளுங்கள். எங்களுடையதில் இல்லை, பெடலை மிதித்தால் பையன் தலை பின்னால் போய் வரும்.

பேட்டரி கதை தனி. வைகாசிக் கடைசியில் பேரன் சென்னைக்குப் போய்விட்டான். ஜீப்பை நெல் அறையில் தள்ளிப் போர்வை போட்டு மூடினேன். காலாண்டு விடுமுறைக்கு வந்து பெடலை மிதித்தால் உயிரே இல்லை. இரவு முழுக்கச் சார்ஜ் போட்டும் கால் மணி நேரம்தான் ஓடியது. உள்ளே இருப்பது ஈய அமில பேட்டரி, 12 வோல்ட், 7 ஏ.எச். (ஆம்பியர் மணி, பேட்டரியின் கொள்ளளவு). சார்ஜ் இறங்கின நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் ஈயத் தகடுகளில் உப்புப் படிந்து இறுகிவிடும், அப்புறம் முழுதாக மீளாது என்று தம்பி சொன்னார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊர் காரைக்குடி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்த ஆய்வகம், 1953-ல் திறந்தது, பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர்போனது. அதற்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு நான் ஒரு பேட்டரியைப் பட்டினி போட்டுக் கொன்றிருக்கிறேன்.

ஒரு நல்ல செய்தி: கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் போடுகிற அதே அளவு பேட்டரிதான் இது. காரைக்குடியில் ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து அன்றைக்கே மாற்றிவிட்டோம். இப்போது மாதக் கார்த்திகைதோறும் காலையில் விளக்குப் போடும்போது சார்ஜரையும் மாட்டிவிடுகிறேன், சாயங்காலம் விளக்கேற்றும்போது கழற்றிவிடுகிறேன். தேதி என்றால் மறந்துவிடும், கார்த்திகை மறக்காது.

மாப்பிள்ளைக்கு இந்த ஜீப்பில் ஆரம்பத்திலிருந்தே திருப்தி இல்லை. 49 சிசி பெட்ரோல் குவாட் பைக் ஒன்றைப் போனில் காட்டினார். நாலு சக்கரம், விழாது என்பது அவர் கட்சி. விழாததில்லை, கவிழும், கவிழ்ந்தால் மேலே விழும். பேரன் எடை பதினாறு கிலோ. அமெரிக்காவில் அந்த வண்டி செய்கிறவர்களே மிகச் சிறியதைக்கூட ஆறு வயதுக்கு மேல்தான் என்கிறார்கள். அங்குள்ள குழந்தை மருத்துவர்கள் சங்கம் பதினாறு வயதுவரை ஏ.டி.வி. என்கிற இந்த வகை வண்டிப் பக்கமே விடாதீர்கள் என்கிறது. மாப்பிள்ளையிடம் நேராக மறுத்துப் பேசுகிற வழக்கம் நம் வீட்டில் இல்லை. மகளிடம் சொன்னேன், அவள் சொல்லிக்கொண்டாள்.

எங்கள் மண்ணுக்கு உண்மையில் சரிப்பட்டது, மூவாயிரத்துக்குக் கீழே வாங்கிய பெடல் இல்லாத சைக்கிள்தான். காலால் தரையை உந்தி உந்திப் போவது. காலாண்டு விடுமுறையில் வாங்கினோம். முதல் நாள் நடந்தான், மூன்றாம் நாள் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு ஊரணிச் சரிவில் இறங்கினான். பிள்ளையை உட்கார வைத்து, இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இன்னொன்று, காற்றடிக்கிற டயர் வேண்டாம். மற்ற ஊரில் அது உசத்தியாக இருக்கலாம். சீமைக்கருவேல முள் கொட்டிக்கிடக்கிற நம் பக்கத்தில் வாரம் ஒரு பஞ்சர்தான். நுரை டயர் கொஞ்சம் அதிரும், ஆனால் முள் குத்தினாலும் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓட்டலாம். ஹெல்மெட் மாட்டாமல் சரிவில் விடுவதில்லை.

அப்படியானால் ஜீப் வீணா என்றால், இல்லை. மழைக்காலத்தில் வெளியே விட முடியாது. தண்ணீர் பட்டால் மோட்டார் போய்விடும். அப்போது முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஓட்ட அதுதான் இருக்கிறது. வாங்குகிறவர்கள் இரண்டு மோட்டார், ரப்பர் அல்லது நுரைச் சக்கரம், ரிமோட், சீட் பெல்ட் இருப்பதாகப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம். எங்கள் பெட்டியில் இருந்தது, அதையாவது ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள்.

ஸ்டியரிங்கில் ஒரு பாட்டுப் பொத்தான் உண்டு. அமுக்கினால் ஒரே மெட்டு, சத்தத்தைக் குறைக்க வழியே கிடையாது. மதியத் தூக்கம் போன கோபத்தில் தம்பியிடம் சொல்லி அந்த ஒயரை மட்டும் கழற்றிவிட்டேன். பேரனிடம் ரிப்பேர் என்று சொல்லியிருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது சரி செய்து வைப்பதாக வாக்கும் கொடுத்திருக்கிறேன்.